பஜார் தெருவில் இரண்டு விண்மீன் திரள்கள்

நான் என்ன வேலை செய்கிறேன் என்பதை அக்காவின் மாப்பிள்ளை வீட்டாருக்கு விளக்கும் பொறுப்பு சின்னம்மாவிடம் போய்ச் சேர்ந்திருக்கக் கூடாது. அவர்கள் பெண் பார்க்க வந்த அன்று நான் பெங்களூரில் இருந்தேன். அங்கே ஓர் ஆய்வுக்கூடத்தில், இரண்டு விண்மீன் திரள்கள் மோதினால் என்ன ஆகும் என்று கணினியில் ஓட்டிப் பார்ப்பது என் வேலை. சின்னம்மா அதை இப்படிச் சொல்லியிருக்கிறாள்:

“ஆகாசத்துல ரெண்டு கூட்டத்த மோத வுட்டு, எது எங்க போய் வுழுதுன்னு குறிச்சிகினு இருக்கறா. அதுக்கு சம்பளமும் குடுக்கறாங்க.”

மாப்பிள்ளையின் அம்மா காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாராம்: “வெலக்கி வுட மாட்டாங்களா?”

நான்கு வருடப் படிப்பில் அந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

அந்த அம்மாவை இனி சம்பந்தியம்மா என்றே சொல்கிறேன். தெள்ளார்க்காரர். நல்ல மனுஷி. ஆனால் சகுனம் பார்க்காமல் வாசற்படி தாண்ட மாட்டார். அக்காவும் மாப்பிள்ளையும் ஒரே பள்ளியில் பாடம் எடுப்பவர்கள், தாங்களாகவே முடிவு செய்துகொண்டவர்கள். சம்பந்தியம்மா சம்மதிக்க இரண்டு வருடம் ஆனது. சம்மதித்த பிறகும் ஒருமுறை நிச்சயதார்த்தம் தள்ளிப் போனது. வேனில் ஏற்றும்போது தயிர்ப் பானை கைநழுவி விழுந்ததுதான் காரணம். அதற்குப் பிறகு அவர் அக்காவிடம் நேராகவே சொல்லிவிட்டார்: “தோ பாரு கண்ணு, உன் மேல எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா இன்னொரு தரம் வழியில ஏதாவது ஆச்சின்னா, சாமியே வேணாங்குதுன்னு அர்த்தம். அதோட நான் எழுந்துடுவேன்.”

அக்கா இதை எனக்கு போனில் சொன்னபோது அழவில்லை. “நீ ஒரு லிஸ்ட் போடறியா?” என்று மட்டும் கேட்டாள்.

போட்டேன். இருபத்தொரு சீர்த்தட்டு. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண், அதில் என்ன இருக்கிறது, யார் தூக்குகிறார்கள், அவருக்குக் கை வலித்தால் யார் வாங்கிக்கொள்வார்கள். ஏழாம் எண் முகூர்த்தப் புடவை. அதைத் தூக்குபவர் சம்பந்தியம்மாதான். மாற்று ஆள் என்ற கட்டத்தில் அவரே கோடு போடச் சொல்லிவிட்டார். அதை வேறு யார் கையிலும் தர மாட்டாராம்.

அந்தப் புடவையின் கதையையும் சொல்ல வேண்டும். முகூர்த்தப் புடவை மாப்பிள்ளை வீட்டார் எடுத்து வருவது. ஆனால் எங்கள் அப்பா தறிக்காரர். வீட்டில் இரண்டு தறி ஓடும்போது சம்பந்திகள் கடையில் வாங்கி வந்தால் தெரு சிரிக்கும். எனவே புடவையை அப்பாவே நெய்தார். அரக்கு உடம்பு, பச்சை பார்டர், மாங்காய் புட்டா. நெய்ததைத் தெள்ளாருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தோம். அவர்கள் அதைத் தட்டில் வைத்து, மேளத்தோடு எங்கள் ஊர் ஆரணிக்குக் கொண்டு வந்து, எங்களிடமே தருவார்கள். நாங்கள் அதை முதன்முதலாகப் பார்ப்பதுபோலப் பார்க்க வேண்டும். சின்னம்மா இதற்கு அப்பாவை வைத்து ஒத்திகையே நடத்தினாள். “அப்பிடி முறைக்காதீங்க மாமா. புதுசா பாக்கறா மாதிரி பாருங்க. வாயக் கொஞ்சம் தொறங்க.” அப்பா திறந்தார். பல்வலிக்காரர் மாதிரி இருந்தது.

மாப்பிள்ளை அழைப்பு மாலை ஐந்தரைக்குக் கிளம்பியது. பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடைத்து, மாப்பிள்ளையைப் பூ கட்டிய காரில் உட்கார வைத்து, முன்னால் நாதஸ்வரமும் தவிலும், பின்னால் இருபத்தொரு பெண்களும் தட்டுகளும். நானும் சின்னம்மாவும் பெண் வீட்டுச் சார்பில் பக்கவாட்டில் நடந்தோம். என் கையில் அட்டையில் செருகிய லிஸ்ட்.

பஜார் தெருவின் நடுவில் எதிரே இன்னொரு மாப்பிள்ளை அழைப்பு வந்தது.

அதே மாதிரி கார். அதே மாதிரி பூ. அவர்களுக்கு பேண்டு செட். நாங்கள் அவர்களுடைய மண்டபத்துப் பக்கத்திலிருந்து எங்கள் மண்டபத்துக்குப் போகிறோம், அவர்கள் எங்கள் மண்டபத்துப் பக்கத்திலிருந்து அவர்களுடையதற்குப் போகிறார்கள். தெருவின் அகலம், இரு பக்கமும் நின்ற பைக்குகளைக் கழித்தால், ஒரு காரும் ஒரு பருமனான ஆளும்.

அவர்கள் பக்கத்திலிருந்து பெரிய மீசை வைத்த ஒருவர் முன்னால் வந்தார். அந்த மாப்பிள்ளைக்குத் தாய்மாமன் என்று பிறகு தெரிந்தது.

“நீங்க கொஞ்சம் பின்னால போங்க. ரெண்டு நிமிஷம். நாங்க தாண்டிக்கறோம்.”

சம்பந்தியம்மா ஏழாம் எண் தட்டோடு முன்னால் போனார். “பின்னாலயா? பொறப்பட்ட தட்டு திரும்புமாயா? உங்க வூட்டுல திருப்புவீங்களா?”

மீசைக்காரர் யோசித்தார். “மாட்டோம்” என்று ஒப்புக்கொண்டார்.

“அப்ப ஒரு ஓரமா எறக்கி வைங்க” என்றார் சம்பந்தியம்மா.

“தட்ட எறக்குவீங்களா நீங்க?”

“மாட்டோம்.”

இதில் இருவருக்கும் ஒரு கருத்து வேறுபாடும் இல்லை. சீர்த்தட்டு மண்டபம் சேரும்வரை தரையைத் தொடக் கூடாது, வந்த வழி திரும்பக் கூடாது. இரண்டு கூட்டமும் இதில் அவ்வளவு உறுதியாக இருந்ததால், செய்வதற்கு ஒன்றுதான் மிச்சம் இருந்தது. ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து அந்தப் பக்கம் வெளியே வருவது.

விண்மீன் திரள்களும் இதைத்தான் செய்கின்றன. மோதல் என்ற சொல்லைக் கேட்டால் எல்லாம் நொறுங்கிவிடும் என்று தோன்றும். நட்சத்திரங்கள் ஒன்றையொன்று தொடக்கூடச் செய்வதில்லை. நம் சூரியனை ஆரணியில் வைத்த ஒரு கடுகு என்று எண்ணிக்கொண்டால், அடுத்த கடுகு வேலூர் பக்கம் எங்கேயோ இருக்கும். அவ்வளவு காலி இடம். எத்தனையோ ஆயிரம் கோடி நட்சத்திரங்கள் எதிரும் புதிருமாகப் புகுந்து, ஒன்றுக்கும் அடிபடாமல் வெளியேறிவிடும். இடையில் மிதக்கும் வாயு மேகங்கள்தான் உண்மையாக முட்டிக்கொள்ளும். முட்டி, நசுங்கி, சூடேறி, அங்கே புது நட்சத்திரங்கள் பற்றிக்கொள்ளும்.

பஜார் தெருவில் காலி இடம் கிடையாது. ஆனால் மேளம் இருந்தது. முதலில் முட்டியது அதுதான். எங்கள் தவில்காரர் அவர்களுடைய டிரம் அடிப்பவரை ஒரு பார்வை பார்த்தார். அவர் வேகத்தைக் கூட்டினார். இவரும் கூட்டினார். நாதஸ்வரம் ஒரு ராகத்தில் இருக்க, டிரம்பட் ஒரு சினிமாப் பாட்டில் இருக்க, இரண்டும் நடுவில் எங்கோ சேர்ந்து, இதுவரை யாரும் கேட்டிராத ஒன்று பிறந்தது. பையன்கள் பைக்குகள் மேல் ஏறி நின்று ஆட ஆரம்பித்தார்கள். ஒரு பட்டுக் கடைக்காரர் கல்லாவை விட்டு எழுந்து வந்து ஆடினார்.

“மே, ஜல்தி நடங்கடி!” என்று சின்னம்மா கத்தினாள். யாராலும் நடக்க முடியவில்லை. இருபது நிமிடம் எல்லோரும் தோளோடு தோள் உரசி நின்றோம். பழத்தட்டு கனமானது. வெல்லத்தட்டு அதைவிடக் கனம். கை வலித்த பெண்கள், கீழே வைக்க முடியாததால், பக்கத்தில் எந்தக் கை காலியோ அந்தக் கையில் கொடுத்தார்கள். “ஒரு நிமிஷம் புடிம்மா.” “இந்தாங்கக்கா.” “பூ அவுருது, கொஞ்சம் வாங்கிக்கோ.” லிஸ்ட்டில் நான் எழுதிய மாற்று ஆட்கள் யாரும் அவரவர் பக்கத்தில் இல்லை. அங்கே எல்லோரும் பட்டு கட்டியிருந்தார்கள், எல்லோர் தலையிலும் மல்லிகை. யார் எந்தக் கல்யாணம் என்று நெற்றியிலா எழுதியிருக்கிறது?

கணினியில் நான் ஒரு திரளின் நட்சத்திரங்களைச் சிவப்பிலும் இன்னொன்றினுடையதை நீலத்திலும் போட்டுக்கொள்வேன். அதனால்தான் எது யாருடையது என்று தெரிகிறது. வானத்தில் அப்படி யாரும் வண்ணம் அடித்து வைக்கவில்லை.

ஆறே காலுக்கு நாங்கள் அந்தப் பக்கம் வெளியே வந்தோம். மண்டபத்து வாசலில் நின்று எண்ணினேன். என் அட்டையின் பின்பக்கத்தில் அன்று எழுதியது இன்னும் இருக்கிறது:

வந்தவை: தட்டு இருபது. கூடுதலாக: பெரிய பழத்தட்டு ஒன்று (நம்முடையது அல்ல), பெரியவர்கள் இருவர் (யார் என்று தெரியவில்லை, பந்தி எப்போது என்று கேட்கிறார்கள்), டிரம்பட்காரர் ஒருவர்.

வராதவை: ஏழாம் எண். சம்பந்தியம்மா.

மாப்பிள்ளை காரிலிருந்து இறங்கவே இல்லை. கண்ணாடியை இறக்கிச் சொன்னார்: “அம்மா பின்னாடி வராங்கன்னு இல்ல நெனச்சேன்?” அவருக்கு போன் போடச் சொன்னேன். போட்டார். அவர் சட்டைப் பையிலேயே இன்னொரு போன் அடித்தது. அது அம்மாவுடையது.

மேலே மணப்பெண் அறையின் ஜன்னலில் அக்கா நின்றிருந்தாள். நான் எண்ணுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழு விரல் காட்டி, இல்லை என்று தலையை ஆட்டினேன். அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“இன்னாடி ஆச்சி இந்தம்மாவுக்கு?” என்றாள் சின்னம்மா.

“அந்தப் பக்கம் போயிருப்பாங்க.”

“அந்தப் பக்கம்னா?”

“எதிர்ல வந்தவங்க கூட. இழுத்துகினு போயிருக்கும்.”

இது நடக்கக்கூடியதுதான். இரண்டு திரள்கள் கடக்கும்போது ஓரத்தில் இருப்பவை தடுமாறும். சில நீண்ட வால்போல வெளியே வீசப்பட்டு இருட்டில் அலையும். சில எதிர்த் திரளோடு சேர்ந்துகொண்டு, பிறந்ததிலிருந்து அங்கேயே இருந்தவைபோலச் சுற்ற ஆரம்பித்துவிடும். ஆனால் இதை மாப்பிள்ளையின் அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று எந்தப் பாடத்திலும் இல்லை.

நானும் சின்னம்மாவும் வேகமாக நடந்தோம். அந்த மண்டபத்துக்குப் பத்து நிமிடம். உள்ளே போனதும் முதல் வரிசை சோபாவில் சம்பந்தியம்மா உட்கார்ந்திருந்தார். கழுத்தில் சந்தனம். தலையில் புதிதாக வைத்த பூ. மடியில் ஏழாம் எண் தட்டு, அதன் மேல் ஒரு வாழையிலைத் துண்டில் கேசரி. அந்த வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் அவருக்கு விசிறிக்கொண்டிருந்தார்கள். தங்கள் மாப்பிள்ளையின் பெரியம்மா என்று நினைத்துவிட்டார்களாம்.

நான் பக்கத்தில் உட்கார்ந்து குரலைத் தாழ்த்தினேன். “எப்பங்க தெரிஞ்சிது அத்த?”

“வாசல்ல பேனர் பாத்தப்பவே. மாப்ள மூஞ்சி வேறயா இருந்துது.”

“அப்ப ஏங்க உள்ள வந்தீங்க?”

“ஆரத்தி எடுத்துட்டாங்களே. ஆரத்தி எடுத்தப்புறம் திரும்பிப் போனா அவங்க பொண்ணுக்கு ஆவுமா? பாவம், அதுவும் ஒரு பொண்ணு தான?”

கேசரி இலையை எடுத்துக் கீழே வைத்துவிட்டு அவர் தொடர்ந்தார்.

“ஆனா முடிஞ்சிதும்மா. பையன் கல்யாணத்துக்குப் புடவை எடுத்துகினு கெளம்பினவ வேற கல்யாணத்துல வந்து ஒக்காந்துருக்கேன். இதுக்கு மேல சாமி வாயத் தொறந்து சொல்லுமா? உங்க அக்காகிட்ட சொல்லிடு. அவ நல்ல பொண்ணு.”

சின்னம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். நான் அட்டையைப் பார்த்தேன். அதில் இதற்கு ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அதனால் எனக்குத் தெரிந்த ஒரே விஷயத்தைச் சொன்னேன்.

“சாமி சொல்லலீங்க அத்த. இது இழுவை. ரெண்டு பெரிய கூட்டம் ஒண்ணுக்குள்ள ஒண்ணு பூந்து போச்சின்னா, கொஞ்சம் பேர் அந்தப் பக்கம் போயிடுவாங்க. போனவங்க ஒரு தப்பும் பண்ணல. அது வழக்கம்.”

“எந்த ஊரு வழக்கம்?”

“ஆகாசத்துல. என் வேலையே அதானே. நம்ம பக்கத்துல ஒரு பெரிய நட்சத்திரக் கூட்டம் இருக்குது. அது நம்ம கூட்டத்து மேல வந்து மோதலாம், மோதாமயும் போலாம். மோதிச்சின்னா, நம்ம சூரியனே அந்தப் பக்கம் போனாலும் போவும்.”

“சூரியனேவா?” அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “எப்ப?”

“அதுக்கு இன்னும் பல நூறு கோடி வருஷம் ஆவும்.”

“அதுக்கு யாரும் கெட்ட சகுனம்னு சொல்ல மாட்டாங்களா?”

“இதுவரைக்கும் சொல்லலீங்க.”

சூரியன் இந்த வரிசையில் இருப்பது அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது தெரிந்தது. கேசரியை மறுபடி எடுத்து ஒரு வாய் சாப்பிட்டார். பிறகு என்னை நேராகப் பார்த்துக் கேட்டார்:

“போனது திரும்பி வருமா?”

பொய் சொல்லியிருக்கலாம். “சிலது வரும், சிலது வராது” என்றேன். “ஆனா கூட்டம் ரெண்டும் தாண்டிப் போனாலும் அப்படியே போயிடாது. ஒண்ண ஒண்ணு இழுத்துகினே இருக்கும். கொஞ்ச தூரம் போய்ட்டு மறுபடியும் திரும்பி வந்து சேரும். ரொம்ப வேகமா போயிருந்தாதான் வராது.”

“நாங்க நடந்துதான வந்தோம்?”

“நடந்துதான் வந்தீங்க.”

அவர் விரல்களால் தட்டின் விளிம்பைத் தட்டியபடி யோசித்தார். அந்த முகம் எனக்குப் பழக்கமானது. எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரு சமன்பாட்டைச் சரிபார்ப்பவர்களுக்கு அந்த முகம் இருக்கும். “அப்ப நான் தனியா தட்ட எடுத்துகினு போனா அது திரும்பிப் போறது. ஆவாது. ஆனா இந்தக் கூட்டமே என்னக் கூட்டிகினு வந்து வுட்டா, அது திரும்பறது இல்ல. வர்றது.”

“ஆமாங்க” என்றேன்.

“மேளத்தோட.”

“மேளத்தோட.”

மீசைக்காரரிடம் பேசப் போனது சின்னம்மா. அவர் முதலில் முடியாது என்றார். மறுபடி ஒருமுறை அந்தத் தெருவுக்குள் போகத் தன்னால் ஆகாது, பேஜார் என்றார். “உங்க ஆளுங்க ரெண்டு பேர் எங்க பந்தில ஒக்காந்துருக்காங்க” என்றாள் சின்னம்மா. “உங்க பழத்தட்டும் எங்ககிட்டதான். டிரம்பட்டும்.”

“டிரம்பட்டுகாரன் அங்கயா கீறான்? அதான் பாட்டு ஒரு மாதிரியா வருதேன்னு பாத்தேன்!” அவர் உடனே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

இப்படித்தான் ஏழு மணிக்கு, மாப்பிள்ளை இல்லாத ஒரு மாப்பிள்ளை அழைப்பு அந்த மண்டபத்திலிருந்து கிளம்பியது. முன்னால் டிரம்பட் இல்லாத பேண்டு செட். நடுவில் சம்பந்தியம்மா, தட்டோடு, குடை பிடித்தபடி ஒருவர் பக்கத்தில். எதற்குக் குடை என்று கேட்டேன். “மரியாதை” என்றார்கள். எங்கள் மண்டபத்திலிருந்தும் மாப்பிள்ளையின் சொந்தக்காரர்கள் அவரைத் தேடிப் புறப்பட்டிருந்தார்கள். பஜார் தெருவில் இரண்டும் மறுபடி சந்தித்தன. இரண்டாம் முறை கடப்பது எப்போதும் முதலாவதைவிட மெதுவாகத்தான் இருக்கும். நெருக்கமும் கூடுதலாக இருக்கும். இந்த முறை யாரும் யாரையும் பின்னால் போகச் சொல்லவில்லை. எல்லோரும் சேர்ந்து எங்கள் மண்டபத்துக்குள் நுழைந்து, பாதிப் பேர் பந்தியில் உட்கார்ந்துவிட்டார்கள். மீசைக்காரர் வத்தக்குழம்பு இரண்டு முறை கேட்டு வாங்கினார்.

தட்டு மேடைக்கு வந்தது. “ஒரு கணம் கூட எறக்கல” என்று சம்பந்தியம்மா அப்பாவிடம் சொன்னார். “கைய வுட்டு எங்கயும் போவல. ரெண்டு மண்டபத்து ஆரத்தி பாத்த பொடவை இது. யாருக்குக் கெடைக்கும்?”

அக்கா பக்கத்தில் உட்கார்ந்து நிமிர்ந்து பார்த்தாள். அன்று மாலை முழுவதும் இல்லாத நிறம் அவள் முகத்தில் வந்தது.

அப்பா புடவையைக் கையில் எடுத்தார். ஒத்திகைப்படி வாயைத் திறந்தார். பிறகு மூடவில்லை. கட்டைவிரல் மட்டும் மடிப்புக்கு அடியில் மெதுவாக நகர்ந்தது. ஒருமுறை போய் வந்தது. மறுபடி போனது.

நான் குனிந்தேன். அவர் என் காதோடு சொன்னார்: “இது என் அடி இல்ல. நான் நெஞ்சது இல்ல.”

அரக்கு உடம்பு, பச்சை பார்டர், மாங்காய் புட்டா. அந்த மாதம் ஊரில் பாதித் தறிகளில் ஓடிக்கொண்டிருந்த டிசைன். கூட்டத்தில் ஏதோ ஒரு நிமிடம் சம்பந்தியம்மா பூவைச் சரிசெய்யத் தட்டை யாரிடமோ கொடுத்திருக்கிறார். திரும்ப வாங்கியபோது அவர்களுடைய முகூர்த்தப் புடவைத் தட்டை வாங்கியிருக்கிறார். எங்களுடையது இப்போது அந்த மண்டபத்து மேடையில் இருக்கும். சொன்னால் பத்து நிமிடத்தில் மாற்றிவிடலாம். சொன்னால், கையை விட்டுப் போகவே இல்லை என்று ஊரைக் கூட்டிச் சொன்ன அம்மாவின் கையை விட்டுப் போனதும் தெரிந்துவிடும். அதற்குச் சூரியனையெல்லாம் துணைக்கு அழைக்க முடியாது.

அப்பா அக்காவைப் பார்த்தார். அக்கா புடவையை அவரிடமிருந்து வாங்கினாள். அவளும் அந்தத் தறிச் சத்தத்தில்தான் வளர்ந்தவள். விளிம்பை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து ஒருமுறை உருட்டினாள். போதும், அவளுக்கும் தெரிந்துவிட்டது. அப்பா அவளுக்கான புடவையை நெய்த நாட்களில் பள்ளியிலிருந்து வந்து தினமும் தறிப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் அவள். ஒரு கணம் அதை மடியில் வைத்து வெறுமனே பார்த்தாள். பிறகு தலையை நிமிர்த்தி, “ரொம்ப நல்லா இருக்குதுங்க அத்த” என்றாள். “இதையேதான் கட்டிக்கணும்னு இருந்தேன்.”

சம்பந்தியம்மா அவளுடைய கன்னத்தை இரண்டு கையாலும் வழித்து நெட்டி முறித்தார். அன்றைக்கு முதல்முறையாக அவர் கை காலியாக இருந்தது. நான் ஏழாம் எண்ணுக்கு நேராக டிக் போட்டேன்.

மறுநாள் காலை முகூர்த்தம். அக்கா அந்தப் புடவையில் மணையில் உட்கார்ந்தாள். சம்பந்தியம்மா பின்னால் நின்று கொசுவத்தை நீவிவிட்டபடி, கேட்க விரும்பிய எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்: “சம்பந்தி கையே தனி. பாருங்க, எப்பிடி விழுது பாருங்க.” அப்பா அடக்கமாகத் தலையாட்டினார். என்னிடம் மட்டும், “நெருக்கமாதான் அடிச்சிருக்கான். முள்ளிப்பட்டு தறிக்காரன் கையா இருக்கும்” என்றார்.

தாலி கட்டி முடித்து அட்சதை போட்டதும் அவர் என்னைத் தூணுக்குப் பின்னால் கூப்பிட்டார். முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். எதற்கோ தயங்குவது தெரிந்தது.

“அங்க முகூர்த்தம் எத்தன மணிக்கு?”

“ஒம்பதுக்குன்னு மீசைக்காரர் சொன்னாரு.”

“இன்னும் அரை மணி இருக்குது இல்ல? நீ சும்மா போறா மாதிரி ஒரு நட போய்ட்டு வரியாம்மா? அந்தப் பொண்ணு எப்பிடி கட்டியிருக்குதுன்னு பாரு. கொசுவம் ஒழுங்கா வெச்சிருக்காங்களா, இல்ல சும்மா சுத்திட்டாங்களான்னு.”

அட்டையை நாற்காலியில் வைத்துவிட்டு, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.